பதினைந்தாவது பெயர்

'படிநிலை ஒன்று பெற்றோர்' என்ற வாட்சப் குழுவில் மொத்தம் அறுபத்தொரு பேர். முதலாம் ஆண்டிலிருந்து மூன்றாம் ஆண்டு வரை படிக்கிற பிள்ளைகளின் அம்மா அப்பாக்கள். காலை ஐந்தரைக்கே அதில் பிள்ளையார் வந்துவிடுவார், ரோஜாப்பூவோடு. அவருக்குப் பின்னால் முருகன், அவருக்குப் பின்னால் 'இந்த நாள் இனிய நாளாகட்டும்' என்று கண் சிமிட்டும் எழுத்துகள். யாருக்காவது பிறந்தநாள் என்றால் அன்றைக்குத் தொலைந்தது, கேக்கும் பலூனுமாக ஐம்பது அறுபது வந்து விழும். இந்தக் கூட்டத்துக்கு நடுவில்தான் பள்ளிக்கூடத்தின் நிஜமான சேதிகளும் வரும். பல் டாக்டர் வருகிற நாள், பள்ளியைக் கூட்டிப் பெருக்கும் கோத்தோங் ரோயோங், இலவசப் பயிற்சிப் புத்தகம், கண் பரிசோதனை. எல்லாவற்றையும் போடுகிறவர் ராஜன் சார். நல்ல மனிதர், ஆனால் எதையும் இரண்டாம் முறை படித்துப் பார்க்கிற பழக்கம் கிடையாது.

எதற்காவது பெயர் கொடுக்க வேண்டுமென்றால் அதற்கு ஒரு முறை உண்டு. சார் ஒரு தலைப்பு எழுதி, கீழே '1' என்று போட்டு அனுப்புவார். முதலில் பார்க்கிறவர் அதைக் காப்பி பண்ணி, தன் பிள்ளையின் பெயரைச் சேர்த்துத் திரும்பவும் குழுவில் ஒட்டுவார். அடுத்தவர் அந்தப் பட்டியலைக் காப்பி பண்ணி இரண்டாவது பெயரைச் சேர்ப்பார். இப்படியே பட்டியல் ஒவ்வொரு பெயராக நீண்டுகொண்டு கீழே இறங்கும். கடைசியாக எது நிற்கிறதோ அதுதான் செல்லும். கோயில் அன்னதானத்திலிருந்து அடுக்குமாடிக்குப் பெயிண்ட் அடிப்பதுவரை இந்த நாட்டில் நம் ஆட்கள் எல்லாவற்றையும் இப்படித்தான் நடத்துகிறார்கள்.

இதில் ஓர் ஓட்டை இருப்பதும் எல்லோருக்கும் தெரியும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே பட்டியலைக் காப்பி பண்ணிவிட்டால், பிந்தி ஒட்டுகிறவரின் பட்டியலில் முந்தி ஒட்டியவரின் பெயர் இருக்காது. 'ஐயோ, என் மகன் பேரக் காணோம் லா' என்று அவர் கத்துவார். இவர் 'சாரி சாரி' என்று சேர்த்துவிடுவார். பெயர் போனவர் போனைக் கையில் வைத்திருக்கிறவரை இதில் ஒரு கஷ்டமும் இல்லை.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. அமுதவள்ளி பண்டமாரான் அடுக்குமாடியின் கீழ்த்தளத்து வீட்டில், சமையல்கட்டுத் தரையில் உட்கார்ந்து கறிபாப்புக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். உருளைக்கிழங்கு மசாலா பெரிய குண்டானில் ஆறிக்கொண்டிருந்தது. தினமும் இருநூறு கறிபாப் மடிக்க வேண்டும். மாவைத் திரட்டி, வட்டமாகத் தேய்த்து, நடுவில் ஒரு கரண்டி மசாலா வைத்து மூடி, ஓரத்தை விரல் நுனியால் பின்னல் போலக் கிள்ளிக் கிள்ளி மடிக்க வேண்டும். ஓரம் சரியாக ஒட்டவில்லை என்றால் எண்ணெயில் வாயைப் பிளந்துகொள்ளும். இரண்டு மணிக்கு அடுப்பு, குடை, மேசையெல்லாம் துறைமுகத்துக்குப் போகிற சாலையோரம் போய்விடும். கண்டெய்னர் லோரிகள் உறுமிக்கொண்டு போகிற புழுதியில் ஆறரை வரைக்கும் வியாபாரம்.

பத்து முப்பத்தைந்துக்கு ராஜன் சாரின் சேதி வந்தது. பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் ஓர் அறக்கட்டளை பண்டமாரானில் மாலைப் பராமரிப்பு வகுப்பு தொடங்குகிறது. பள்ளி முடிந்ததும் வேன் வந்து ஏற்றிக்கொள்ளும். மதியச் சாப்பாடு, வீட்டுப்பாடம், வாசிப்புப் பயிற்சி. மாலை ஆறரைக்கு வீட்டு வாசலில் இறக்கிவிடுவார்கள். கட்டணம் இல்லை. படிநிலை ஒன்றுக்குப் பதினைந்து இடம் மட்டும். முதலில் பதிவோருக்கே முன்னுரிமை.

அமுதவள்ளி அதை இரண்டு முறை படித்தாள். அவள் மகள் தாமரை மூன்றாம் ஆண்டு. இன்னமும் எழுத்துக் கூட்ட வரவில்லை. முதலாம் ஆண்டிலிருந்தே குறைநீக்கல் வகுப்பில் இருக்கிறாள், அந்த வகுப்பும் இந்த வருடத்தோடு முடிந்துவிடும். பள்ளி விட்டு வந்ததும் அம்மாவின் கடையில் குடைக்குக் கீழே முக்காலி போட்டு உட்கார்ந்து, புத்தகத்தில் படம் பார்த்துக்கொண்டிருப்பாள். சொல்லிக் கொடுக்க அமுதவள்ளிக்கு ஏது நேரம்? ஒரு கை எண்ணெயில், ஒரு கை பொட்டலத்தில்.

அவள் பார்ப்பதற்குள் பட்டியல் ஒன்பது, பதினொன்று என்று ஓடிக்கொண்டிருந்தது. அவசர அவசரமாகக் கையைத் துண்டில் துடைத்தாள். பதினான்கு பெயர் இருந்த பட்டியலைக் காப்பி பண்ணினாள். மாவு பிசுபிசுத்த விரலுக்குத் திரை மசியவில்லை. 'தா' அடித்தால் 'ரா' வந்தது. திரையை நைட்டியில் தேய்த்துவிட்டு மறுபடி ஒவ்வோர் எழுத்தாகக் குத்தி, '15. தாமரை சுகுமாறன்' என்று முடித்து அனுப்பினாள்.

அனுப்பிய பிறகுதான் மேலே பார்த்தாள். அவளுடைய பட்டியலுக்கு ஒரு நிமிஷம் முன்னால் இன்னொரு பட்டியல் வந்திருந்தது. அதிலும் பதினைந்து பெயர். '15. லோஷினி.' அனுப்பியவள் புனிதா.

புனிதா நாலாவது மாடி. புருஷன் ஜொகூருக்கு வேலைக்குப் போகிறேன் என்று போனவன், போனவன்தான். துறைமுகத்துக்குப் பக்கத்தில் உறைந்த மீனும் கோழியும் அடுக்கும் குளிர்க்கிடங்கில் அவளுக்கு வேலை. உள்ளே போனால் கனத்த கோட்டு, இரண்டு கையுறை. போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். பத்தரைக்குக் கால் மணி நேரம் ஓய்வு. அந்தக் கால் மணியில் விறைத்த விரல்களைத் தேய்த்துச் சூடாக்கி அவள் அந்தப் பெயரை அடித்திருக்கிறாள். இனிமேல் ஐந்தரைக்குத்தான் போனைப் பார்ப்பாள். இது அமுதவள்ளிக்குத் தெரியும்.

மூன்று மாதத்துக்கு முன்பு வரை லோஷினியும் பள்ளி விட்டால் அமுதவள்ளியின் கடைக்குத்தான் வருவாள். தாமரையும் அவளும் ஒரே மேசை, ஒரே வயது. ஒரு நாள் ஓரம் ஒட்டாத ஒரு கறிபாப் எண்ணெயில் வெடித்து லோஷினியின் முழங்கையில் தெறித்தது. ஐம்பது காசு அகலத்துக்குக் கொப்புளம். புனிதா ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. 'பரவால்லக்கா' என்றாள். மறுநாளிலிருந்து பிள்ளையை வீட்டுக்குள் விட்டு, பள்ளி வேன்காரரிடம் சாவி கொடுத்து, இரும்புக் கதவை வெளியே பூட்டச் சொல்லிவிட்டாள். ஒன்றரை மணியிலிருந்து ஆறு மணி வரை அந்தப் பிள்ளை கம்பிக்குப் பின்னால் இருந்தது.

போன மாதம் எதிர் பிளாக்கில் பூட்டிக் கிடந்த வீடு ஒன்றில் ரைஸ் குக்கர் புகைந்து, கதவை உடைத்துத்தான் உள்ளே இருந்த இரண்டு பிள்ளைகளை வெளியே எடுத்தார்கள். அதன் பிறகு அடுக்குமாடிச் சங்கத்துச் செயலாளர் ரெங்கசாமி ஒவ்வொரு மாடியாக ஏறி இறங்கினார். பிள்ளையைத் தனியாகப் பூட்டி வைத்தால் நலத்துறைக்குச் சொல்ல வேண்டியிருக்கும் என்று புனிதாவிடம் சொல்லிவிட்டார். மாதக் கடைசி வரை தவணை.

இதுவும் அமுதவள்ளிக்குத் தெரியும். போனைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். 'சார்' என்று அடித்தாள். அடித்ததை அழித்தாள். 'புனிதா மகள் பேர்' என்று அடித்தாள். அதையும் அழித்தாள். சாரே பார்த்துக்கொள்வார், இரண்டையும் பார்த்திருப்பார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

'15 பேர் நிறைவு. பெற்றோர்களுக்கு நன்றி' என்று ராஜன் சார் போட்டார். அதற்குக் கீழே கைதட்டல்கள் வரிசையாக விழுந்தன. அன்றைக்குத் தலைமையாசிரியைக்குப் பிறந்தநாள் என்று யாரோ கண்டுபிடித்துச் சொல்ல, கேக்கும் பலூனும் புறப்பட்டன. அரை மணி நேரத்தில் இரண்டு பட்டியலும் கண்ணுக்கெட்டாத மேலே போய்விட்டன. அமுதவள்ளி மறுபடி மாவில் கை வைத்தாள்.

மாலை ஆறுக்குக் கம்பெனி வேன் சாலை முனையில் புனிதாவை இறக்கிவிட்டது. வானம் கறுத்திருந்தது. மழைக்கு முன்னால் அடிக்கிற காற்றில் குடை ஆடியது. புனிதா நேரே கடைக்கு வந்து, மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குளிரிலிருந்து வந்தவளின் உதடு வெடித்திருந்தது.

"ஆறு கறிபாப் குடுங்கக்கா."

"உக்காரு புனிதா. மழை வருது."

"இல்லக்கா, புள்ள தனியா இருக்கா." ஆனால் போகவில்லை. "அந்த மாலை கிளாஸ் லிஸ்ட் பாத்தீங்களா?"

"ம், பாத்தேன்."

"நானும் பேர் போட்டேங்கா. பிரேக் டைம்ல. இப்ப சாருக்கு போன் பண்ணேன். கடைசி லிஸ்ட்ல லோஷினி பேரு இல்லம்மான்னு சொல்றாரு."

அமுதவள்ளி எண்ணெயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்படியா?"

"லைன் இல்லாம மெசேஜ் போகலயோ என்னமோ. நீங்க காலைல போன் பாத்துகிட்டு இருந்தீங்கல்ல. என் மெசேஜ் வந்துச்சாக்கா? கண்ணுல பட்டுச்சா?"

ஒரு கண்டெய்னர் லோரி கடந்து போனது. மேசை அதிர்ந்தது. அது போய் முடிகிறவரைக்கும் அமுதவள்ளிக்கு நேரம் இருந்தது.

"மாவு கையோட இருந்தேன் புனிதா. சரியா கவனிக்கல."

"ஓ."

"சாருகிட்ட மறுபடி கேட்டுப் பாரேன். ஒரு இடம் கூடப் போட மாட்டாங்களா?"

"கேட்டேங்கா. வேன்ல பதினஞ்சு சீட்டுதானாம். வெய்டிங் லிஸ்ட்ல போடறேன்னாரு." புனிதா பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். "தாமரைக்கு கெடச்சிருச்சுல்ல?"

"ம்."

"நல்லதுக்கா. அவளுக்கும் வேணும்தான்." முக்காலியில் உட்கார்ந்திருந்த தாமரையின் தலையைத் தடவிவிட்டு, முதல் தூறலில் தலைக்குப் பையைப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

அன்று இரவுச் சோற்றின்போது அமுதவள்ளி புருஷனிடம் சொன்னாள். சுகுமாறன் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறவன். பதினான்கு மணி நேரம் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்புப் போனவன். சுவரில் சாய்ந்து காலை நீட்டியபடி சார்டின் குழம்பைப் பிசைந்துகொண்டிருந்தான்.

"நீ வேணும்னா அழிச்ச?"

"இல்லங்க. சத்தியமா எனக்குத் தெரியாது. அனுப்புனதுக்கு அப்பறம்தான் பாத்தேன்."

"அப்ப என்னா? உன் மேல என்ன தப்பு?"

"பாத்தப்பறம் சொல்லலியே."

சுகுமாறன் ஒரு கவளம் சாப்பிட்டான். "சொன்னா என்ன ஆகும்? தாமரை பேர எடுத்துருவாங்க. அவ திரும்ப ரோட்டோரத்துல புழுதி தின்னுகிட்டு உக்காரணும். அடுத்த வருசம் நாலாம் ஆண்டு. அம்மா அப்பான்னு எழுதத் தெரியாத புள்ளய எங்க கொண்டு போய் வைக்கப் போற?"

"அந்தப் புள்ளயப் பூட்டி வெக்கிறாங்க. ரெங்கசாமி அண்ணே கம்ப்ளெய்ன் குடுத்துருவாருங்க."

"ஊருல எல்லாப் புள்ளயும் நாமளா ஜாகா பண்ணிப் பாத்துக்க முடியும்? நம்ம வீட்டுக்கு ஒரு நல்லது நடந்தாச்சு. வாய மூடிகிட்டு இரு லா." தட்டில் இருந்த மீனை இரண்டாகப் பிட்டான். பிறகு, "நாளைக்கு அந்தப் புள்ளைக்கு ஏதாவது செஞ்சு குடு," என்றான். பாதி மீனைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து கை கழுவினான்.

வகுப்பு தொடங்கியது. ஒன்றேகாலுக்கு மஞ்சள் வேன் வந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகும். ஒரு கடையின் மாடியில் ஓர் அறை, பாய், மின்விசிறி, சொல்லிக் கொடுக்கப் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் நாலு பேர். முதல் வாரம் தாமரை அழுதாள். இரண்டாவது வாரம் வேன் வருவதற்கு முன்னாலேயே ஓடிப் போய் நின்றாள். மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் கறிபாப் மாவு மூட்டையைப் பார்த்து, "கோ...து...மை... கோதுமை மாவு!" என்று கத்தினாள்.

அமுதவள்ளி அவளைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டாள். மூன்று வருடம் பள்ளிக்கூடத்தில் வராதது மூன்று வாரத்தில் வந்துவிட்டது. அதன் பிறகு வீட்டில் தாமரையின் வாயை மூட முடியவில்லை. மிளகாய்த்தூள் பொட்டலம், நாள்காட்டி, கோயில் நோட்டீஸ், எதிரே போகிற லோரியின் பெயர், எது கண்ணில் பட்டாலும் விரலை வைத்துக் கூட்டினாள். அமுதவள்ளிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதைக் கேட்கும்போதெல்லாம் நாலாவது மாடி ஞாபகமும் கூடவே வந்தது.

சுகுமாறன் சொன்னபடி தினமும் மதியம் கடைக்குப் போவதற்கு முன் நாலு மாடி ஏறி, இரும்புக் கதவின் கம்பி இடுக்கு வழியாகக் கறிபாப்போ கேசரியோ கொடுத்துவிட்டு வந்தாள். லோஷினி கதவோரத்திலேயே பாய் போட்டு உட்கார்ந்திருப்பாள். நடைபாதையில் ஆள் போவது தெரியுமாம்.

"தாமரை அங்க என்னா சாப்புடுவா ஆன்டி?"

"சோறுதான் மா. முட்டை, காய்."

"பாட்டு உண்டா?"

"ம். உண்டு போல."

"எங்கம்மா கூட என் பேரக் குடுத்தாங்க. லைன் இல்லாம போகலியாம்." கறிபாப்பின் ஓரத்து முறுக்கை முதலில் கடித்துத் தின்றாள். முழங்கையில் அந்த வடு வெள்ளையாகத் தெரிந்தது. அமுதவள்ளி வேகமாகப் படி இறங்கினாள்.

மாதக் கடைசிக்கு ஒரு வாரம் இருக்கும்போது ரெங்கசாமி கடைக்கு வந்தார். கறிபாப்பைக் கையில் வைத்துக்கொண்டு தின்னாமலே பேசினார்.

"நான் என்னா கெட்டவனாம்மா? ஆனா நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா என்னையத்தான கேப்பாங்க. அந்தப் பொண்ணு பந்திங்ல அக்கா வீட்டுக்குப் புள்ளய அனுப்புறேன்னு சொல்லிருச்சு. பள்ளிக்கூடம் மாத்தறதுக்கு ஃபாரம் கூட எடுத்தாச்சாம்."

"பந்திங்குக்கா? புனிதாவும் போறாளா?"

"அது எப்படிப் போகும்? வேல இங்கல்ல. புள்ள அங்க, தாய் இங்க. வாரத்துக்கு ஒரு நாள் போய்ப் பாத்துக்கும். அக்காவுக்கே நாலு புள்ளைங்களாம், செம்பனைத் தோட்டத்து வீட்டுல. என்னா பண்றது, கஷ்டந்தான், சுசா லா."

அன்றைக்குப் பொரித்த கறிபாப்பில் பாதி கருகிப் போனது.

சனிக்கிழமை காலை அமுதவள்ளி கிள்ளானில் ரயில் ஏறினாள். மசாலாச் சாமான் வாங்கப் பிரிக்பீல்ட்ஸ் போகிறேன் என்று வீட்டில் சொன்னாள். ஒரு மணி நேரம் நின்றுகொண்டே போய், நிலையத்திலிருந்து வெளியே வந்து, புடவைக் கடைகளின் பாட்டுச் சத்தத்துக்கும் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளின் வாசத்துக்கும் நடுவில் அந்த அறக்கட்டளையின் பலகையைத் தேடிக் கண்டுபிடித்தாள். இரண்டாவது மாடி. மலர்விழி என்ற இளம்பெண் ஒருத்தி மட்டும் இருந்தாள். அன்பாகத் தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னாள்.

"பண்டமாரான் சென்டர்ல ஒரு புள்ளைக்கு மட்டும் இடம் வேணும் மா. ரொம்ப கஷ்டப்பட்ட புள்ள. பூட்டி வெச்சிட்டுப் போறாங்க."

"ஆன்டி, எனக்கும் ஆசதான். வேன்ல பதினஞ்சு சீட், பதினஞ்சு பெல்ட். ஒண்ணு கூட ஏத்துனா பர்மிட் போயிரும்." மலர்விழி கம்ப்யூட்டரில் பார்த்தாள். "லோஷினியா? வெய்டிங் லிஸ்ட்ல ஃபர்ஸ்ட்டே அவங்கதான். யாராச்சும் ஒருத்தர் விட்டுக் குடுத்தா திங்கக்கெழமையே எடுத்துக்குவோம்."

"விட்டுக் குடுத்தா..."

"ஆமா ஆன்டி. உங்க மகள் பேரு என்னா? அவங்களும் சென்டர்ல இருக்காங்களா?"

"தாமரை."

மலர்விழியின் முகம் மலர்ந்தது. "தாமரையா! டீச்சர்ஸ் எல்லாம் அவளப் பத்திதான் பேசறாங்க. சூப்பர் இம்ப்ரூவ்மென்ட். இன்னும் ஆறு மாசம் விடாம வந்தா போதும், கிளாஸோட சேந்துருவா."

அமுதவள்ளி தம்ளரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒரு வார்த்தை போதும். அதைச் சொல்லத்தான் ரயிலேறி வந்தாள் என்று நேற்று வரை நினைத்திருந்தாள். வாயைத் திறந்தபோது, "வீட்டுல கேட்டுச் சொல்றேம்மா," என்று வந்தது. மாடியிறங்கி, அரைக் கிலோ சோம்பு வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டாள். ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. கிள்ளான் வரும்வரைக்கும் தன்னையே திட்டிக்கொண்டு வந்தாள்.

திங்கட்கிழமை குழுவில் ராஜன் சார், 'நம் மாணவி லோஷினி பந்திங் பள்ளிக்கு மாற்றலாகிச் செல்கிறார். வாழ்த்துவோம்' என்று போட்டார். பூங்கொத்து, கைகூப்பல், 'வாழ்த்துகள் செல்லம்', பட்டமளிப்புத் தொப்பி போட்ட கரடிப் பொம்மை. ஏன் போகிறாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அமுதவள்ளியும் ஒரு பூ போட்டாள். போட்ட பிறகு போனைக் கவிழ்த்து வைத்தாள்.

அடுத்த சனிக்கிழமை புனிதாவையும் லோஷினியையும் வழியனுப்பக் கிள்ளான் பேருந்து நிற்கும் இடம் வரைக்கும் போனாள். இரவெல்லாம் மழை பெய்து ஓய்ந்திருந்தது. சாக்கடை நிரம்பிச் சாலையில் ஓடியது. இரண்டு துணிப்பை, ஒரு தலையணை, பள்ளிப் பை. லோஷினி புதுச் சப்பாத்து நனையாமல் பெஞ்சின் மேல் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்து, சாலையில் ஓடும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அமுதவள்ளி கறிபாப் பொட்டலத்தை நீட்டினாள். அது இன்னும் சூடாக இருந்தது.

"எதுக்குக்கா இவ்வளோ?"

"வழியில பசிக்கும். அக்கா புள்ளைங்களுக்கும் குடு." "புனிதா, அந்த லிஸ்ட்டு..."

"விடுங்கக்கா."

"இல்ல, நான் ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு நான்..."

"எனக்குத் தெரியும்க்கா."

புனிதா பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள்.

"அன்னைக்கே தெரியும். வேன்ல வரப்பவே மேல தள்ளித் தள்ளிப் பாத்தேன். என்னோடது பத்து நாப்பத்தி நாலு. உங்களது நாப்பத்தி அஞ்சு." புனிதாவின் குரலில் கோபம் இல்லை. ஐஸ் பெட்டியை எண்ணிச் சொல்கிற குரல்போல இருந்தது. "கைதவறிதான் நடந்துருக்கும்னு தெரிஞ்சுதான் கடைக்கு வந்தேன்."

"அப்ப ஏன் புனிதா கேக்கல? குரூப்ல ஒரு வார்த்த போட்டிருந்தா சாரு மாத்திருப்பாரே."

"தாமரை பேரத்தானக்கா எடுப்பாரு. ஒரு புள்ள பேர நான் எப்படி எடுக்கச் சொல்லுவேன்? அதான் உங்ககிட்ட வந்து கேட்டேன். என் மெசேஜ் பாத்தீங்களான்னு. நீங்க ஆமான்னு சொல்லிருந்தா போதும். ரெண்டு பேரும் உக்காந்து பேசிருக்கலாம். நாள் மாத்தி நாள் கூட அனுப்பிருக்கலாம், சாருகிட்ட கெஞ்சிருக்கலாம். ஏதோ ஒண்ணு." அவள் பொட்டலத்தைப் பைக்குள் வைத்தாள். "நீங்க கவனிக்கலன்னு சொன்னீங்க. சரின்னு போயிட்டேன்."

"மன்னிச்சிரும்மா." அமுதவள்ளிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "திங்கக்கெழமையே தாமரைய நிறுத்திடறேன். அந்த ஆபிஸ்ல சொன்னாங்க, ஒருத்தர் விட்டா லோஷினிதான் அடுத்ததுன்னு."

"எப்ப சொன்னாங்க?"

அமுதவள்ளி பேருந்து வருகிற பக்கம் திரும்பினாள். புனிதா அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து பைகளை எடுத்தாள்.

"வேணாங்கா. அங்க சேத்தாச்சு. இனிமே அவ பேரு இந்தப் பள்ளிக்கூடத்து லிஸ்ட்ல இல்ல."

பந்திங் பேருந்து தண்ணீரை வாரியடித்துக்கொண்டு வந்து நின்றது. லோஷினி தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஏறினாள். படியில் நின்று திரும்பி, "தாமரைக்கு பாய் சொல்லுங்க ஆன்டி," என்றாள். அதைக்கூட அந்தப் பிள்ளை மறக்கவில்லை. பேருந்து வளைந்து மறையும்வரைக்கும் அமுதவள்ளி நின்றிருந்தாள். கையில் இருந்த போன் ஒருமுறை அதிர்ந்தது. 'புனிதா குழுவிலிருந்து வெளியேறினார்' என்று சாம்பல் நிறத்தில் ஒரு வரி. அதற்குக் கீழே யாரோ வாரக் கடைசி வணக்கம் அனுப்பியிருந்தார்கள், சூரியகாந்திப் பூவோடு.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கோயில் திருவிழாவுக்கு ஐந்நூறு கறிபாப் கேட்டிருந்தார்கள். அமுதவள்ளி விடிந்ததிலிருந்து மாவோடு உட்கார்ந்திருந்தாள். சுகுமாறன் கூடத்தில் குப்புறப் படுத்து இடுப்பில் சுடுதண்ணீர்ப் பை வைத்திருந்தான். தாமரை அம்மாவின் போனை எடுத்து வைத்துக்கொண்டு சமையல்கட்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். வீட்டில் இருந்த எழுத்தையெல்லாம் படித்துத் தீர்த்துவிட்டாள், இனிப் போன்தான் பாக்கி.

"நன்...றி... சார். நன்றி சார். அம்மா, இந்த ஆன்டி நன்றி சார்னு போட்டிருக்காங்க!"

"ம். படி."

விரலால் தள்ளிக்கொண்டே போனாள். பிறந்தநாள் கேக்குகளை ஒன்று, இரண்டு என்று எண்ணினாள். கைதட்டல்களைத் தாண்டினாள். பிறகு அவள் குரல் துள்ளியது.

"அம்மா, இதுல என் பேரு இருக்கு! பதி...னஞ்சு. தா...மரை. சுகு...மாறன். நானே படிச்சிட்டேன்!"

அமுதவள்ளியின் விரல் மாவின் ஓரத்திலேயே நின்றுவிட்டது. கூடத்தில் சுகுமாறன் தலையைத் தூக்கினான்.

"தாமரை, போன அப்பாகிட்ட குடு," என்றான்.

அவள் காதில் வாங்கவில்லை. விரலை இன்னும் கொஞ்சம் மேலே தள்ளினாள். உதட்டை அசைத்து ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டினாள். லோ. ஷி. னி. நெற்றி சுருங்கியது. கீழே தள்ளி மறுபடி பார்த்தாள், மேலே தள்ளி மறுபடி பார்த்தாள்.

"அம்மா, இங்கயும் ஒரு பதினஞ்சு இருக்கு. லோஷினி பேரு. அவ மெசேஜ் போகலன்னு சொன்னா, ஆனா வந்துருக்கே." போனைத் தூக்கிக்கொண்டு அம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள். "மேல அவ பேரு, கீழ என் பேரு. எதும்மா சரி?"

அமுதவள்ளி மாவிலிருந்து கையை எடுத்தாள். சுகுமாறன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மேல இருக்கறதுதான்," என்றாள்.